இடையூறு: ஆண் குரல்

எம்.ஏ. வரலாறு படிக்கிறேன் என்று சொன்னால் திருநெல்வேலியில் யாரும் அத்தோடு விடுவதில்லை. "அதப் படிச்சு என்ன செய்யப் போற?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் கேட்பார். எங்கள் சபைப் பாதிரியாரின் மனைவி, ஐயரம்மா, கேட்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் கேட்டார், வாயில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டு. குரூப் டூவுக்குப் படிக்கிறேன் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்வேன். எங்கள் வகுப்பில் ஆறு பேர். ஐந்து பேருக்கு அதுதான் பதில். ஆறாவது ஆள் மைதீன் பாத்திமா. அவளிடம் கேட்டால், "ஒண்ணும் செய்யப் போறதில்ல. படிக்கணும்னு இருந்துச்சு, படிக்கேன்" என்பாள். கேட்டவருக்குத்தான் சங்கடமாகிவிடும்.

பல்கலைக்கழகம் சின்னது. ஊரைத் தாண்டி, வெயிலைத் தவிர வேறொன்றும் விளையாத பொட்டலில் இருந்தது. வரலாற்றுத் துறைக்கு இரண்டு அறை, மூன்று ஆசிரியர்கள், ஒரு கம்ப்யூட்டர். நான் ஸ்டெபி, பாளையங்கோட்டையிலிருந்து வருவேன். பாத்திமா மேலப்பாளையம். ஜங்ஷனில் ஒரே பஸ்ஸைப் பிடிப்போம். எனக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்கு இருபத்தெட்டு. அக்கா என்று ஒரு வாரம் கூப்பிட்டேன். "ஏட்டி, பேரச் சொல்லு, கிழவியாக்கிராத" என்றாள். அதற்குப் பிறகு பாத்திமாதான்.

பி.ஏ. முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் யாசர், சவூதியில் தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். ஏழு வருஷத்தில் அவர் லீவில் வந்து இருந்ததெல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம் வராது. பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் மாமியார் ஜுபைதா பீவியும் மட்டும். சும்மா இருக்கிற நேரத்துக்குப் படியேன் என்று போனில் சொன்னவர் யாசர்தான். சொல்லிவிட்டு ஃபீஸையும் அனுப்பிவிட்டார். மாமியார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. காலையில் இவள் கிளம்பும்போது டிபன் பாக்ஸை மூடிக் கையில் கொடுப்பது அவர்தான்.

இரண்டாம் வருஷத்துக்கு ஆய்வேடு எழுத வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் ஏற்கெனவே நூறு பேர் எழுதிய தலைப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம். பாத்திமா மட்டும் யாரும் தொடாத ஒன்றைப் பிடித்தாள். மேலப்பாளையத்துக்கு வந்த கேசட் கடிதங்கள். எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் போன ஆண்கள் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக டேப் ரிக்கார்டரில் பேசி, லீவில் வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்கள். பிறகு அவர்களும் பேசி அனுப்புவார்கள். அப்படிப் பேசிய பெண்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுப்பதுதான் அவள் ஆய்வு.

பதினான்கு பேரைப் பேட்டி எடுத்தாள். ஒரு வீட்டிலும் ஒரு கேசட்கூடக் கிடைக்கவில்லை. காரணத்தைச் சொன்னவர் செய்யதலி பாத்திமா என்கிற பெரியம்மா. "ஒரே கேசட்டுதாம்மா போவும் வரும். அவுக பேசுனதுக்கு மேல நான் பேசுவேன். நான் பேசுனதுக்கு மேல அவுக பேசுவாக. புதுசு வாங்க யாரு இருக்கா? அழிச்சு அழிச்சுத்தான் பேசிக்கிட்டோம்." அந்த ஒரு விஷயத்தை வைத்தே பாத்திமா ஒரு அத்தியாயம் எழுதினாள். எங்கள் வழிகாட்டி கிருபைராஜ் சார் எதையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. அதைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கிருபைராஜ் சாருக்கு ஒரு கொள்கை உண்டு. எடுத்த ஒலிப்பதிவில் ஒரு நொடியைக்கூட வெட்டக் கூடாது. பேட்டி நடக்கும்போது குக்கர் விசில் அடித்தாலும் பூனை வந்தாலும் அது அப்படியே இருக்க வேண்டும். எழுதி எடுக்கும்போது அந்த இடத்தில் 'இடையூறு' என்று போட்டு, என்ன இடையூறு என்று ஒரு சொல் எழுதிவிட்டு மேலே போகலாம். பாத்திமாவின் பக்கங்களில் இடையூறுகளுக்குப் பஞ்சமே இல்லை. இடையூறு: பால்காரர். இடையூறு: மழை. இடையூறு: பேரன் அழுகை. படித்துப் படித்துச் சிரிப்போம்.

துறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அந்த சமயம் பார்த்து வேலை நிறுத்தம் செய்தது. சரி செய்ய ஆள் வர ஒரு செமஸ்டர் ஆனது. பேட்டிகளையெல்லாம் அவள் போனிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். போன் பழையது. இடமில்லை, இடமில்லை என்று காட்டிக்கொண்டே இருக்கும். யாசருக்குத் தமிழில் டைப் செய்ய வராது. இவள் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துக் குரலாகப் பேசி அனுப்பிவிடுவார். பஸ்ஸில் வரும்போது அவள் அதைக் காதில் வைத்துக் கேட்பாள். கேட்டதும் அழித்துவிடுவாள், அதுவே பழக்கமாகிவிட்டது. பழையதையும் மொத்தமாக ஒருநாள் அழித்தாள். பேக்கப்பை முன்பே நிறுத்தி வைத்திருந்தாள். "இவுக நாளைக்கும் பேசத்தான போறாக, அந்தப் பெரியம்மாமாரு திரும்பப் பேசுவாங்களா?" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

போன தை மாதம் யாசர் தூக்கத்திலேயே இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். முப்பத்தைந்து வயது.

உடலைக் கொண்டுவரவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். இங்கே பள்ளிவாசலில் அவருக்காகத் தொழுகை நடந்தது. எங்கள் சனங்கள் வீட்டில் சாவு என்றால் பெட்டி, மாலை, பாட்டு, போட்டோக்காரர் என்று இரண்டு நாளைக்கு அழுவதற்கு வேண்டிய எல்லாம் கண்முன்னால் இருக்கும். அந்த வீட்டில் நான் போய் உட்கார்ந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. உள்ளறையில் பாய் விரித்து பாத்திமா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில், கையில் ஒன்றும் இல்லை. இத்தா இருந்தாள். கணவன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது. எனக்கு அவளைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"நோட்ஸ் கொண்டு வந்தியா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போவேன். நோட்ஸ் கொடுப்பேன். வாங்கி ஜன்னலில் வைப்பாள். வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும். துக்கமாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "தெரியலட்டி. அவுக எப்பவும் அங்கதான இருந்தாக. இப்பவும் அங்கதான் இருக்காக. எனக்கு இங்கன என்ன மாறிச்சுன்னு தேடிக்கிட்டே இருக்கேன்" என்றாள். பரீட்சையில் பதில் சொல்கிற குரலில்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அழுதுதொலையேன் என்று பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மாறியது ஒன்று இருந்தது. அதை அவளே பிறகு சொன்னாள். ஜுபைதா பீவி வைத்திருந்தது பட்டன் போன். மகன் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுவார், பேசுவார், வைப்பார். அதில் ஒன்றும் தங்காது. ஆனால் மருமகளின் போனில் மகன் குரல் வரும், பஸ்ஸில் போகும்போதுகூடக் கேட்பாள் என்பது அவருக்குத் தெரியும். அடக்கம் முடிந்த செய்தி வந்த மூன்றாவது நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாத்திமா, அவன் பேசுனத ஒருக்கா போடும்மா, கேட்டுக்கிடுதேன்" என்றிருக்கிறார்.

இவள் சார்ஜ் இல்லை என்று சொன்னாள். அடுத்த முறை, போன் ரிப்பேர் என்றாள். அதன்பின் போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். தம்மாமில் கணவரோடு ஒரே அறையில் இருந்தவர்களை என் போனிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள். அவர் யாருக்கும் குரல் அனுப்புகிற ஆள் இல்லை. இவளுக்கு மட்டும்தான். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தால் முழுக்கப் பாட்டு.

"மாமிட்ட உள்ளதச் சொல்லிரேன்" என்றேன்.

"என்னன்னு சொல்ல? ஊரான் வீட்டுக் கதைக்கு இடம் பத்தலன்னு உங்க மவன அழிச்சிட்டேன்னு சொல்லவா?" என்றாள். அதையும் அதே பரீட்சைக் குரலில்தான் சொன்னாள்.

சித்திரையில் வைவாவுக்கு, வாய்மொழித் தேர்வுக்கு, தேதி வந்தது. ஆய்வேட்டைத் தை மாதத்துக்கு முன்பே அவள் கொடுத்துவிட்டிருந்தாள். பேட்டிகளும் அதற்குள் துறைக் கம்ப்யூட்டருக்கு ஏறியிருந்தன. வைவாவுக்கு நேரில் வந்தால் போதும். இத்தா முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. தான் வரவில்லை என்று பாத்திமா சொன்னாள். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அடுத்த வருஷம் பார்க்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த அறைக்குள் அவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஜுபைதா பீவி அவளைக் கேட்காமலேயே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். பரீட்சை அவசியமான காரியம்தான், பகலில் போய்ப் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு முன்னால் வீடு வந்துவிட வேண்டும் என்று பதில் வந்தது. ஹஜ்ரத் கூடாது என்று சொல்லுவார் என நம்பியிருந்தவள் பாத்திமா ஒருத்திதான்.

"அவன் ஃபீஸ் கெட்டுன படிப்பு. போயிட்டு வா" என்றார் மாமியார். அன்றைக்கும் டிபன் பாக்ஸை மூடிக் கையில் கொடுத்தார்.

நான் ஆட்டோ வைத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தேன். பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

எங்கள் துறையில் வைவா என்றால் மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். வெளித் தேர்வாளர் வயதானவர், கண்டிப்பானவர். ஆனால் ஆய்வேட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார். அதுவே அபூர்வம். கேசட்டை அழித்து அழித்துப் பேசிய அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டார். பாத்திமா சொன்னாள். தப்பில்லாமல், வேறு யாரோ எழுதியதை ஒப்பிப்பது போலச் சொன்னாள். கிருபைராஜ் சார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துப்படி எவ்வளவு துல்லியம்னு ஒரு இடம் போட்டுப் பார்த்துடலாம்" என்றார் தேர்வாளர். பக்கங்களைப் புரட்டினார். "செய்யதலி பாத்திமா பேட்டி. இங்க 'இடையூறு: ஆண் குரல்'னு இருக்கு. மத்த இடத்துல பால்காரர்னு போட்டிருக்கீங்க, பேரன்னு போட்டிருக்கீங்க. இங்க மட்டும் வெறுமனே ஆண் குரல். அதைப் போடுங்க சார்."

கிருபைராஜ் சார் துறைக் கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் தேடிப் போட்டார். மின்விசிறிச் சத்தம். செய்யதலி பாத்திமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி இழுபட்டது.

"பாத்திமா" என்றது ஒரு ஆண் குரல்.

"ரெக்கார்ட் ஆவுது." இது அவள் குரல், எரிச்சலோடு.

"ஆவட்டும். உம்மா போன் பண்ணுதாங்க. குழாய்ல தண்ணி வந்திருக்காம், மோட்டார் போட ஆளில்லையாம். நான் போய்ப் போட்டுட்டு வந்துருதேன். நீ பைய பேசிட்டு இரு."

"போங்களேன். இப்படித்தான் நடுவுல நடுவுல வந்து நிப்பீங்க. எல்லாம் கெட்டுப்போச்சு."

"சரி, சரி. ஏசாத. வாரேன்."

செருப்புச் சத்தம். தெருவில் பைக் கிளம்பியது. செய்யதலி பாத்திமா விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கிருபைராஜ் சார் நிறுத்தினார்.

அதற்கு முந்தைய கோடையில் யாசர் லீவில் வந்திருந்தபோது அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பேட்டிகளுக்குக் கூட்டிப் போனது எனக்குத் தெரியும். வெளியே நிற்பார் என்றுதான் சொல்லியிருந்தாள். எழுதி எடுத்தபோது அவர்மேல் இருந்த எரிச்சலில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு மேலே போயிருக்கிறாள். அதன்பின் அது அவள் நினைவிலேயே இல்லை. அவளைப் பார்த்தேன். முகத்தைத் திரை மூடியிருந்தது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"யாரும்மா இது?"

"எங்க வீட்டுக்காரர், சார்."

"அப்போ பேரைப் போட வேண்டியதுதானே? படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? பதிவில் இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒப்புதல் வாங்கியிருக்கணும். இவர்கிட்ட வாங்கினீங்களா?"

"இல்ல, சார்."

"வீட்டு ஆள்தானேன்னு விட்டுட்டீங்க. அது தப்பு. இந்த வாரத்துக்குள்ள அவர்கிட்ட கையெழுத்து வாங்கி இணைங்க. முடியலைன்னா அந்தப் பகுதியை வெட்டிடுங்க."

கிருபைராஜ் சார் பாதி எழுந்து, "சார், ஒரு நிமிஷம்" என்றார். பாத்திமா அவரைப் பேசவிடவில்லை.

"இறந்தவங்களுக்கு வாரிசு கையெழுத்துப் போடலாம், சார். பேட்டி குடுத்தப்புறம் தவறிப்போன ரெண்டு பெரியம்மாமாருக்கு அப்படித்தான் வாங்கியிருக்கேன்" என்றாள்.

தேர்வாளர் அவளைப் பார்த்தார், கிருபைராஜ் சாரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு மெதுவாக, "போடலாம்மா. நீங்களே போடலாம்" என்றார்.

"அவுக உம்மா இருக்காங்க, சார்."

"அப்போ அவங்ககிட்ட வாங்குங்க" என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை.

அந்தப் பேட்டியை என் போனில் ஏற்றிக்கொண்டேன். ஒப்புதல் படிவம் ஒன்றை கிருபைராஜ் சார் எடுத்துக் கொடுத்தார். ஆட்டோவில் வரும்போது என் போனை அவள் மடியில் வைத்திருந்தாள். போட்டுக் கேட்கவில்லை, வெறுமனே பிடித்திருந்தாள். நானும் போடவா என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஜுபைதா பீவி வாசற்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பரீட்சை எப்படி என்று கேட்டார். பாத்திமா அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தாள். எதிரில் உட்கார்ந்துகொண்டாள். நான் அறை வாசற்படியில் நின்றேன்.

"மாமி, உங்களுக்குச் சொல்லணும். என் போன் ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவுக பேசுனது எல்லாத்தையும் நான் அழிச்சிட்டேன். எடம் இல்லன்னு அழிச்சிட்டேன். இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் இருக்கிறது எனக்குத் தெரியாது. இதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் வச்சுக்கிட முடியும்."

பாத்திமா அந்த இடத்தைப் போட்டாள். பாத்திமா, என்றார் யாசர். உம்மா போன் பண்ணுதாங்க, என்றார். ஜுபைதா பீவி முந்தானையைத் தலையில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்த ஆளிடம் கேட்பது போலக் குனிந்து கேட்டார். பைக் சத்தம் தேய்ந்தது. பாத்திமா நிறுத்தினாள்.

"அன்னைக்கு மோட்டார் போட்டானா?" என்று கேட்டார்.

"போட்டாக, மாமி. தொட்டி நெறஞ்சு வழிஞ்சதுன்னு நீங்கதான சத்தம் போட்டீங்க."

"ஆமா. சத்தம் போட்டேன்."

படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் வாசித்தேன். பெயர், உறவு, சம்மதம். கடைசியில் ஒரு வரி இருந்தது. இந்தப் பதிவில் நீக்க விரும்பும் பகுதி ஏதும் உண்டா?

"எதையாவது வெட்டணுமான்னு கேட்டிருக்கு, மாமி" என்றேன்.

அவர் படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மருமகளைப் பார்த்தார்.

"ஒண்ணும் வெட்டாண்டாம். நீ அவன ஏசுனது கூட இருக்கட்டும்."

பாத்திமா அப்படியே முன்னால் சாய்ந்து மாமியாரின் முழங்காலில் முகத்தை வைத்தாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. ஜுபைதா பீவி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, நனையாமல் படிவத்தை ஓரமாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இன்னொருக்கா போடும்மா" என்றார் என்னிடம்.